மிஞ்சிய முழங்கை

டின் பார்லர் என்ற போஸ்ட்-பங்க் இசைக்குழுவை அது வாழ்ந்த காலத்தில் லண்டனில் ஒருவரும் சீண்டவில்லை. 2009இல் அவர்களுடைய ஒரே இசைத்தட்டு சிடியாக மறுபடி வந்ததும் பத்திரிகைகள் ஆகா ஓகோ என்றன. அதன் பாடகர் மார்ட்டின், கிழக்கு லண்டனில் மனோர் பார்க் பகுதியில் இருந்த பவளராணிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ட்ரம் அடித்த அவள் கணவர் குலேந்திரனின் பெயர் எங்குமே இல்லை. படத்திலும் அவரை வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு கறுத்த முழங்கை மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் இறந்து பல வருடமாயிற்று. கேட்க நாதியில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

சிடியைப் போட்டாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று அவர் வழக்கம்போல் எண்ணித் தொடங்கினார். ட்ரம் அதிர்ந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ! பேர் போடாதவங்களுக்கு என்னத்துக்கு அடிச்சுக் குடுக்கிறியள்? ட்ரம்மை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாங்கோ!"

ட்ரம் நின்றது. மார்ட்டின் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மார்ட்டினே தொலைபேசியில் அழைத்தார். விற்ற சிடிகள் எதிலும் இப்போது ட்ரம் சத்தம் இல்லையாம். மூல ஒலிநாடாவிலும் இல்லையாம். வேறு பதிவு ஏதும் இருக்கிறதா என்று கெஞ்சினார்.

"முதலில் பேரைப் போடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

மேலே கூரைக்கடியில் இருந்த லொஃப்டில் குலேந்திரனின் ட்ரம் செட் பூட்டிக் கிடந்தது. சீலிங்கிலிருந்து தூசு அவளுடைய தேநீருக்குள் விழுந்தது. தாளம் தவறாமல் விழுந்துகொண்டே இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் இறுக்கி அடியுங்கோ."