வெள்ளையும் சிவப்பும்

இப்போதெல்லாம் சோறு வெந்ததா என்றுகூட மெஷினைத்தான் கேட்கிறார்கள் என்று வெள்ளிங்கிரி எரிந்து விழுவார். ஆள் ஓட்டும் கார் வீட்டுக்கு ஒன்றுதான், மற்றதை நொறுக்கிவிட வேண்டும் என்று சட்டம் வந்ததும், மகள் சுகந்தி எந்தக் காரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பிட்டுச் சொல்லும் மெஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தாள்.

ஷெட்டில் இருந்தவை இரண்டும் பழைய இரண்டு கதவுக் கார்கள். வெள்ளை, ஜப்பான்காரன் செய்தது. சொன்ன பேச்சைக் கேட்கும். சிவப்பு, இத்தாலிக்காரன் செய்தது. மிதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். செத்துப்போன மனைவி மயிலாத்தாளைக் குன்னூர் மலையெல்லாம் அதில்தான் பறக்கவைத்தார். அவளுக்காகவே சிவப்பைக் காப்பாற்ற நினைத்தார்.

மெஷின் சீட்டுகளில் ஊறிய பழைய வியர்வையை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "வெள்ளை வண்டியில் அந்த அம்மா தூங்கியிருக்கிறார். சிவப்பில் ஏறிய ஒவ்வொரு தடவையும் பயந்திருக்கிறார்."

"பயமா? உங்கம்மா கண்ணை மூடிட்டுச் சிரிப்பா அம்மிணி! எம் பொண்டாட்டியப் பத்தி இதுக்கென்ன தெரியும்?"

சுகந்தி சிவப்பு வண்டியின் கதவைத் திறந்து, அம்மா உட்காரும் சீட்டின் அடியோரத்தைக் காட்டினாள். நகங்கள் பதிந்து பதிந்து தோல் கிழிந்திருந்தது. அவர் குனிந்து விரலால் தடவினார்.

"பூனை பொறாண்டியிருக்கும்."

"நம்மூட்ல ஏதுங்கப்பா பூனை?"

அவர் கார்க் கதவைச் சாத்தினார்.

"செவப்பையே நொறுக்கச் சொல்லு. ஆனா அந்த மெஷினு சொல்றது பொய்யி" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.