கடைசி ஒட்டு

பழைய பிரவுசர்களின் கோளாறைச் சமாளிக்க, புரோகிராமில் ஆங்காங்கே ஒட்டுப் போட்டிருந்தார்கள். அவற்றைக் களையெடுக்க அவன் ஒரு விதி எழுதினான். ஒரு பிரவுசரை உபயோகிப்பவர் யாருமில்லை என்றால், அதற்கான ஒட்டின் கீழ் சிவப்புக் கோடு விழும். சிவப்பு விழுந்தது எதுவும் தன் கையில் பிழைக்காது என்று பீற்றிக்கொள்வான். ஆபீசில் அவன் பெயரே 'துடைப்பம்'.

அன்று காலை கடைசி ஒட்டுக்கும் கோடு விழுந்தது. பக்கத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பு: 'இந்த பிரவுசரில் மணி அடிக்காது. அடிக்கவைக்கத்தான் இது.'

"நிஜமாவே யாரும் இல்லையா?" என்றாள் புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அக்கா.

"சைபர்க்கா! செத்ததுக்கு எத்தனை நாள் காவல் இருக்கறது?"

அழித்தான். மத்தியானமே புது புரோகிராம் எல்லா இடத்துக்கும் போய்விட்டது.

சாயங்காலம், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அப்பாவைப் பார்க்கப் போனான். வார்டு வாசலில் டெஸ்டர் அக்காவின் போன் வந்தது.

"டேய், ஆளை எண்ணுற புரோகிராம் அந்த பிரவுசர்ல ஓடவே ஓடாதுடா. அதான் சைபர்னு காட்டியிருக்கு!"

உள்ளே ஓடினான். மேஜையில் ஓர் அரதப்பழசான கம்ப்யூட்டர். அதில் அவன் கம்பெனியின் புரோகிராம். படுக்கைக்கு ஒரு கட்டம்.

திரைக்கு முதுகைக் காட்டி மருந்து பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்தாள்.

"வாங்க. இன்னைக்கு நிம்மதி. மத்தியானத்திலேருந்து ஒரு மணிகூட அடிக்கல."

அவளுக்குப் பின்னால் அப்பாவின் கட்டம் சத்தமில்லாமல் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.