அறுபத்துமூன்று கிரெடிட்

கிரெட்சன் கண்ணை மூடிக்கொண்டு பேனாவைத் துறைப் பட்டியலின் மீது வைத்தாள். திறந்து பார்த்தாள்: வனவியல். மறுபடி வைத்தாள்: கணக்கியல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா, குலுக்கல் நடத்துறியா?" என்றாள் லொரைன். அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த அந்தக் கல்லூரியில் அவள் இருபது வருடமாகப் படிப்பு ஆலோசகர்.

"கிண்டல் பண்ணாதீங்க லொரைன். அஞ்சு மணிக்குள்ள துறையச் சொல்லியாகணும். இப்பவே நாலு பத்து."

லொரைன் கணினியைப் பார்த்தாள். திரையில் சிவப்புப் பட்டை: 'அறுபத்துமூன்று கிரெடிட். துறை இல்லை. பதிவு பூட்டப்பட்டது.'

அந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கணக்கில் மூன்றோ நான்கோ கிரெடிட் சேரும். அறுபது சேரும்வரை துறையைச் சொல்லாமலே படிக்கலாம். அறுபதைத் தொட்டுவிட்டால், துறையைச் சொன்னால்தான் அடுத்த பருவத்துக்குப் பாடம் எடுக்க முடியும். பாடம் இல்லையென்றால் உதவித்தொகையும் போய்விடும்.

"ரெண்டு வருஷம் தர்றோம். எல்லாரும் அதுக்குள்ள முடிவு பண்ணிடறாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"எது பிடிக்கும்னே தெரியல. நிலவியல் பிடிச்ச மாதிரி இருக்கு, ஆனா ஒரு பாடம்தான் படிச்சிருக்கேன். வீட்ல நர்சிங் எடுங்கறாங்க. ரத்தத்தப் பாத்தா நான் மயங்கி விழுந்துடுவேன்."

"ஏதாவது ஒண்ண எழுது. அப்புறம் மாத்திக்கலாம்."

"எழுதினா அடுத்த வருஷம் பூரா அந்தத் துறைப் பாடம்தான். வேற எதையும் தொட்டுக்கூடப் பாக்க முடியாது. என் ரூம்மேட் முப்பது கிரெடிட்ட வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கறா. நான் மூணு நாளாத் தூங்கல."

கிரெட்சன் 'நர்சிங்' என்று எழுதத் தொடங்கினாள்.

"இரு, இரு." லொரைன் திரையைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். "இங்க ரெண்டு பருவம்தான் இருக்கு. பதினஞ்சும் பதினஞ்சும் முப்பது. நீ எப்ப சேர்ந்த?"

"போன ஆகஸ்ட்ல."

"அப்ப மீதி முப்பத்துமூணு?"

"பள்ளிக்கூடத்துலயே கல்லூரிப் பாடத் தேர்வு எழுதி வாங்கின கிரெடிட். ஒம்பது தேர்வு!" அழுகைக்கு நடுவிலும் அவள் நிமிர்ந்தாள். "எங்க ஊர்லயே நான்தான் அதிகம். சான்றிதழ அம்மா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க."

லொரைன் அவள் கையிலிருந்த தாளை மெல்ல உருவிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினாள்.

"அந்த முப்பத்துமூணும் வேண்டாம்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடு. பூட்டு திறந்துடும், யோசிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு."