அவள் பேசாத கடைசிக் காட்சி

"மன்னிச்சிருந்தா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பா இல்ல?"

"தட்டு வெச்சாளே, அது உங்க கண்ணுல படலையா பான் ரோமுவால்ட்? முப்பது வருஷம் பௌதிகம் நடத்தி என்ன பிரயோசனம்? ஒரு மனுஷி முதுகப் பாத்துப் புரிஞ்சுக்கத் தெரியல."

"தட்டு வெச்சா மன்னிப்பா? என் பொண்டாட்டியுந்தான் தெனம் தட்டு வைக்கிறா. என்னை மன்னிச்சதா ஒரு நாளும் சொன்னதில்ல."

போலந்தின் சனோக் ஊர் நூலகத்து மாடியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தபால் நிலையத்து ஒட்டிலியா மட்டும் சிரிக்கவில்லை. சண்டையில் பாதி அவளுடையது, மறு பாதி பௌதிக வாத்தியார் ரோமுவால்டுடையது. எங்கள் பேச்சில் 'பான்' என்றால் ஐயா, 'பானி' என்றால் அம்மா.

"யார் வருவான்னு தெரியாமலே கிறிஸ்துமஸ் விருந்துல ஒரு தட்டு கூடுதலா வைக்கிற ஜனம் நாம. அவ, வந்தது யாருன்னு தெரிஞ்சே வெச்சா!"

"அவ என்ன போலந்துக்காரியா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். மாதம் ஒரு படம் என்று கூடிப் பேசுகிறவர்கள் இவர்கள். இந்த முறை எடுத்துக்கொண்டது, வருஷா வருஷம் இதே நாட்களில் தொலைக்காட்சியில் வருகிற பழைய போர்த்துகீசியப் படம்.

அப்பா சாவுக்குக்கூட வராத மகன் ஒன்பது வருஷம் கழித்து வந்து வாசலில் நிற்கிறான். தாய் கதவைத் திறக்கிறாள். மேசையில் ஒரு தட்டு வைக்கிறாள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிடுகிறாள். தண்ணீர் கொட்டுகிறது. படம் முடிந்தது.

கதவோர நாற்காலியில் விட்டோல்ட் உட்கார்ந்திருந்தார். வார்சாவிலிருந்து வரவழைத்த விருந்தாளி. அந்தப் படத்தின் குரல் அவர்தான்.

எங்கள் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் என்றால் அப்படித்தான். அசல் பேச்சு அடியில் முணுமுணுக்கும். அதன்மேல் ஒரே ஆள், ஏற்ற இறக்கம் இல்லாமல், எல்லார் வசனத்தையும் வாசித்துக்கொண்டு போவார். அந்தப் படத்தில் தாய்க்கும் மகனுக்கும் பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் விட்டோல்ட்தான்.

"கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி 'யாரு'ன்னு கேக்கறா பாருங்க, அங்கயே தொண்ட அடைச்சுக்குது அவளுக்கு" என்றாள் ஒட்டிலியா.

விட்டோல்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஒலிப்பதிவு நாளில் அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

இருபத்து மூன்று வருஷமாக ஒரு தேசமே வீட்டுக்கு வீடு உட்கார்ந்து, அவர் மூக்கடைப்பில் ஒரு தாயின் அழுகையைக் கேட்டிருக்கிறது.

அதுவரை வாயே திறக்காத ஒருத்தி எழுந்தாள். ரொட்டிக்கடை பிரோனியா. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் படம் பத்தியெல்லாம் பேசத் தெரியாது. என் மகன் ஆறு வருஷம் கழிச்சு லெட்டர் போட்டிருக்கான். அவனும் அவங்க அப்பா அடக்கத்துக்கு வரல. இருபத்தி நாலாந்தேதி வரட்டுமான்னு கேக்கறான். ஒம்பது நாளா பதில் எழுத உக்காருறேன், கை வர மாட்டேங்குது."

ரோமுவால்ட் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா பேசுனதெல்லாம் நீங்கதான வாசிச்சீங்க பான் விட்டோல்ட். அவ மனசு இவங்க யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவ மன்னிச்சாளா இல்லையா? நீங்க சொல்றபடி நான் எழுதிடறேன்."

விட்டோல்ட் எழுந்து நின்றார். ஆயிரம் படங்களுக்கு மேல் வாசித்தவர். யார் வசனத்திலும் தன் விருப்பத்துக்கு ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்று தொழிலில் பேர் வாங்கியவர்.

அந்த ஒன்பது நாளும் தூங்காத அவள் கண்ணைப் பார்த்தார்.

"அந்த எடத்துல நான் ஒண்ணுமே வாசிக்கல பானி பிரோனியா" என்றார். படத்தில் வாசிக்கிற அதே சமமான குரலில்.

"பாத்தீங்களா! பேசல! திட்டணும்னா திட்டியிருப்பா!" ஒட்டிலியா துள்ளி எழுந்தாள். "வாங்க, தபாலாபீஸ அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. கவுண்டர்ல வெச்சே எழுதுங்க, நானே முத்திரை குத்தறேன்."

இரண்டு பேரும் மரப்படியில் தடதடவென்று இறங்கினார்கள். ரோமுவால்ட் ஜன்னலுக்குப் போய், பனியில் அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

விட்டோல்ட் சொன்னது பொய்யில்லை. அவர் அந்த இடத்தில் எதையும் வாசிக்கவில்லை.

ஒலிப்பதிவு நாளில் வசனப் பிரதியின் கடைசி இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் பிரித்துப் பார்ப்பதற்குள் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒலிப்பதிவாளர் கோட்டை மாட்டிக்கொண்டு, போதும் போகலாம் என்று விளக்கை அணைத்தார். அப்படியே ஒளிபரப்பானது.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அந்தத் தாய் பேசுகிறாள். போர்த்துகீசியம் தெரியாதவர் காதுக்கு அதுவும் தண்ணீர்தான். விட்டோல்ட் பிறகு பிரித்துப் பார்த்தபோது, ஒட்டியிருந்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது.

"சாப்ட்டுட்டுப் போயிடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

அந்த மகன் இருபத்து நாலாம் தேதி ரயிலேறி வந்தானா, என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்க நினைப்பது வேறு. அந்த மாடியில், பிரோனியாவின் முகத்துக்கு நேராக, விட்டோல்ட் நின்ற இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் அந்த வரியை வாசித்திருப்பீர்களா? யோசித்து, உள்ளதை உள்ளபடி கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.