வேப்பமரத்து டப்பா

முதலில் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஒரு வாஷருக்காக நான்கு குடும்பஸ்தர்கள் ஏன் வெயிலில் நின்றார்கள் என்பது விளங்காது.

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஞாயிறுதோறும் விடியற்காலையில் நால்வர் ஓடுவார்கள். காடுவெட்டிக்கு அப்பால், பஞ்சர் கடை வேப்பமரம் வரை போய்த் திரும்ப வேண்டும். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து.

மரத்தில் பூட்டிய தகர டப்பா ஒன்று தொங்கும். அதற்கு உண்டியலைப் போல ஒரு வாய். புறப்படும்போது ஆளுக்கொரு வாஷர், அதாவது நட்டுக்கு அடியில் போடும் வட்டத் தகடு, கொடுக்கப்படும். அதை டப்பாவில் போட்டவரே ஓடியவர்.

ஏற்பாடு நால்வரில் ஒருவரான உலகநாதனுடையது. தொழிற்சாலையில் யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று குறிக்கும் டைம் ஆபீஸ் பார்ப்பவர் வேறு எப்படி யோசிப்பார்? வேறு வாஷரைப் போட்டு யாரும் ஏமாற்றக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். வாஷர் பொட்டலமும் டப்பாச் சாவியும் அவருடைய இடுப்புப் பையை விட்டு இறங்கியதில்லை.

பத்து வாரம் தவறாமல் போட்டவருடைய பெயர்தான் ஆண்டு விழா ஓட்டப் போட்டிக்குப் போகும்.

கன்னியப்பனுக்கு அந்தப் பெயர் வேண்டும். இருபது வருட வேலையில் அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் வந்தது ஒரே ஒரு முறை. அதுவும் தாமதமாக வந்ததற்காக. இந்த முறை நல்லதற்காக வரப்போகிறதென்று அவர் மனைவி நாகவல்லி தண்ணீர் லாரி வரிசை முழுவதும் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று பத்தாவது ஞாயிறு. முந்தைய நாள் தொழிற்சாலையில் மற்ற மூவர் கண் முன்னாலேயே இரும்புச் சட்டம் இடித்து அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. நொண்டிக்கொண்டே புறப்பட்டார். பருத்திப்பட்டு ஏரிக்கரையைத் தாண்ட முடியவில்லை. அங்கிருந்த புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மற்ற மூவரும் திரும்பிப் போன பிறகு சாலைக்கு வந்து, எப்போதும் போலக் கடைசியாக வந்து சேர்ந்தார்.

டீக்கடையில் வெல்டர் வேலுசாமி ஆரம்பித்தார்.

"இன்னா மாமே, திரும்பி வர்ற வழியில உன்னப் பாக்கவே இல்லியே! ஏரில பூந்து நீஞ்சிகினு போனியா?"

"இல்ல வேலு, நான் வந்து..."

"நீ பேசாத. டப்பா பேசும்."

உலகநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். சாயங்காலம் போய் டப்பாவைத் திறப்பதுதான் அவர் வழக்கம்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். சாயங்காலம் வேணாம். இப்பவே போய்த் திறந்து பாத்துடுவோம்."

"சார், அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த..."

"எதுவா இருந்தாலும் திறந்த பிறகு சொல்லுங்க, கன்னியப்பன்."

ஒரு மனிதனைச் சந்தி சிரிக்க வைப்பதில் இவர்களுக்கு என்ன அவசரமோ! வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசும் எலெக்ட்ரீஷியன் கோவிந்தராஜ்கூட, "கேரியர்ல உக்காருங்கண்ணே" என்று சைக்கிளை நிறுத்தினார்.

வழியெல்லாம் கன்னியப்பன் வலக்கையைத் திறக்கவில்லை.

வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உலகநாதன் டப்பாவைக் கவிழ்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மஞ்சள் நாலு. ஆளும் நாலு. சரியாப் போச்சு. கிளம்பலாம்."

"அடடா, சும்மாவே சந்தேகப்பட்டுட்டேன் மாமே! மன்னிச்சுக்க" என்று வேலுசாமி அவசரமாகத் துண்டை மடிக்கக் குனிந்தார்.

அவர் கை பட்டு டப்பா உருண்டது. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு வெளியே விழுந்தன. ஒன்று தடித்த இரும்பு வாஷர். மற்றொன்று மெல்லிய செம்பு வாஷர். இரண்டிலும் மஞ்சள் இல்லை.

வேலுசாமி வேப்பமரத்து உச்சியைப் பார்த்தார். கோவிந்தராஜ் சைக்கிள் செயினில் ஏதோ கோளாறு கண்டுபிடித்தார்.

கன்னியப்பன் வலக்கையை விரித்தார். வியர்வையில் ஊறிய மஞ்சள் வாஷர் ஒன்று இருந்தது.

"என்னுது இங்க கீது சார். நான் ஏரிக்கரையோட நின்னுட்டேன். மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிகினு இருந்தேன். அதத்தான் காலைலேர்ந்து சொல்ல வரேன். ஒருத்தரும் சொல்ல உடமாட்டேன்றீங்க! என் பேர எழுதாதீங்க சார். நாகவல்லிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

உலகநாதன் விதிகள் எழுதிய நோட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'ஞாயிற்றுக்கிழமை வேப்பமரம் வரை போய்த் திரும்ப வேண்டும்.' ஓடித்தான் போகணும்னு எழுதலை. எத்தனை மணிக்குள்ளன்னும் எழுதலை. என் தப்புதான். நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துடும், கன்னியப்பன். மெதுவா நடப்போம்."

பின்னர் நடந்தவை இவை.

மாலையில் கன்னியப்பன் நடந்தே போனார். மூவரும் கூடவே நடந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு அவருடைய வாஷர் அவர் கையாலேயே டப்பாவில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் வந்தது. போட்டியில் அவர் கடைசியாக வந்தார். அதையும் நாகவல்லி தண்ணீர் லாரி வரிசை முழுவதும் சொன்னாள்.

தடித்த வாஷர் தம்முடையது என்று வேலுசாமியும், செம்பு வாஷர் தம்முடையது என்று கோவிந்தராஜும், மாலை நடந்து போகும் வழியிலேயே ஒப்புக்கொண்டார்கள். கன்னியப்பனுக்காக ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

அன்று காலை மரத்தைத் தொட்டவர்கள் மூவர். டப்பாவில் இருந்த மஞ்சள் வாஷர்கள் நான்கு. மஞ்சள் வாஷர் பொட்டலம் உலகநாதனின் இடுப்பில் மட்டுமே இருந்தது.

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.