கலஹா சந்தியில் ஒரு வேகன்

கலஹா சந்தியில் அந்த வெள்ளை வேகன் கார் நின்றுவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிக்னல் மட்டும் இடமும் வலமுமாக மாறி மாறி மின்னுகிறது. பின்னால் நிற்கும் பஸ் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. தூறலில் வைப்பர் கிறீச்சிடுகிறது. பின்பகுதியில் அரிசி மூட்டையும் மகளுக்கு வாங்கிய இரண்டு கதிரைகளும் கால் மேலாகக் கிடக்கின்றன. "நம்ம வீடு எந்தப் பக்கம் கஜா?" என்று கேட்கிறார், இருபது வருஷமாக இதே வேகனை ஓட்டும் செல்வநாதன். சிரிக்கப்போன மனைவி கஜலட்சுமி அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறாள். "மொதல்ல ஓரமா நிப்பாட்டுங்க. பழம் வாங்கணும்." அவர் கண்ணாடியைப் பார்த்து, பஸ்ஸுக்கு வழிவிட்டு, வடிகால் கானில் உரசாமல் ஓரங்கட்டுகிறார். ஒரு கோணல் இல்லை. அவள் சாவியை உருவி எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. யாரைக் கூப்பிடுவது, என்னவென்று சொல்வது, ஒன்றும் ஓடவில்லை. அவர் கொஞ்சம் வெட்கத்தோடு கையை நீட்டுகிறார். "நீ வழிய மட்டும் சொல்லு. நான் ஓட்டுறேன்." நெடுநேரம் அந்தக் கையையே பார்த்திருந்துவிட்டுச் சாவியைக் கொடுக்கிறாள். "இடப்பக்கம் திரும்புங்க" என்கிறாள். இத்தனை வருஷம் வழியை அவரிடமே விட்டிருந்தவள்; சொன்னது சரிதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருக்கிறது.