மூன்றில் ஒரு பங்கு

வாசலருகே அடில்சனின் பெட்டி நின்றது. பூட்டுப் போட்டு, கம்பளிக் கோட்டையும் மடித்து மேலே வைத்திருந்தான்.

“பரவாயில்லையே, சொல்றதுக்கு முன்னாடியே மூட்டை கட்டிட்டியா? இப்பதான் முதல் தடவையா உருப்படியா ஒரு முடிவெடுத்திருக்க,” என்றான் க்ளோவிஸ்.

அடில்சன் வாயைத் திறப்பதற்குள், க்ளோவிஸ் மேசைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து, ரிப்பனைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். யார் கொண்டுவந்தது, என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

குரிட்டிபா நகரத்தில் அந்த வீட்டில், பயிற்சி கொடுக்கும் க்ளோவிஸையும் சேர்த்து ஆறு பேர் தங்கி, கணினியில் ஒமாஹா என்னும் போக்கர் சீட்டாட்டம் ஆடிப் பிழைத்தார்கள். போடுகிற பணம் மர்லூசி அம்மாவுடையது. மாதக் கடைசியில் தேறாதவனை வெளியே அனுப்புவார்.

அதிகம் தோற்றவனின் ஆட்டங்களைப் பெயர் மறைத்துத் திரையில் காட்டுவார். க்ளோவிஸ் தீர்ப்புச் சொல்வான். பெயரை மறைக்கிற யோசனையே அவனுடையதுதான். பெயர் தெரிந்தால் இரக்கம் வந்துவிடுமாம். இரக்கம், அவனுக்கு!

இந்த மாதம் அடில்சனும் நிறைய விட்டிருந்தான். இங்கிருந்து போனால் சொந்த ஊரான காஸ்கவேலில் பழையபடி கோழி வெட்டும் ஆலைதான் கதி.

மர்லூசி அம்மா மாத்தே தேநீரைக் குடுவையிலிருந்து உறிஞ்சியபடி முதல் ஆட்டத்தை ஓடவிட்டார்.

“சனிக்கிழமை சாயங்காலம் ஆடினது. கீழ பொதுச் சீட்டுல மூணு இஸ்பேட். இவன் கையிலயும் ஏஸோட ரெண்டு இஸ்பேட். அஞ்சும் ஒரே ஜாதி, அசல் ஃப்ளஷ். நடுவுல எவ்வளவு பணம் இருக்கோ அவ்வளவையும் கட்டுறான். எதிராளி சீட்டைக் கவுத்து விலகிட்டான்.”

“சரி, அடுத்தது?” என்றான் க்ளோவிஸ்.

“அதே சாயங்காலம், அதே எதிராளி. திரும்பவும் கீழ மூணு இஸ்பேட். இந்தத் தடவை இவன் கையில இஸ்பேட் ஏஸ் ஒண்ணே ஒண்ணுதான். நடுப்பணத்துல மூணுல ஒரு பங்கு கட்டுறான். எதிராளி ஒரு சின்ன ஃப்ளஷை வச்சுக்கிட்டு ஈடு கட்டிப் பாத்து, மொத்தத்தையும் அள்ளிட்டான்.”

க்ளோவிஸ் சிரித்த சிரிப்பில் இனிப்புத் துகள் சட்டையெல்லாம் சிதறியது.

“அட மடையா! கையில இருக்கிற நாலு சீட்டுல ரெண்டை எடுத்தே ஆகணும். ஒத்தை ஏஸை வச்சுக்கிட்டு ஃப்ளஷ் வராது. சரி, பொய் சொல்லு. ஏஸ் உன்கிட்ட இருக்கு, பெரிய ஃப்ளஷ் அவன்கிட்ட இருக்கவே முடியாது. அந்தப் பொய்யையாவது முழுசாச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே? நடுப்பணம் முழுசும் கட்டியிருந்தா அவன் பயந்து கவுத்திருப்பான். மூணுல ஒரு பங்குன்னா பிச்சைக்காரன்கூட ஈடு கட்டுவான்!”

“வாத்தியாரே, சனிக்கிழமை நான்…” என்று ஆரம்பித்தான் அடில்சன்.

“ஞாபகம் இல்லேங்கப் போற, அதானே? ஆறு மேசையில ஒண்ணா ஆடினா எவனுக்குத்தான் தன் ஆட்டம் ஞாபகம் இருக்கும்? அதைக்கூட மன்னிச்சிடலாம். நிஜத்துக்கு முழுசு, பொய்க்கு மூணுல ஒண்ணு, இதை எப்படி மன்னிக்கிறது? ரெண்டுக்கும் ஒரே அளவாக் கட்டு, அப்பதான் உன் ரேஞ்ச், உன்கிட்ட என்னென்ன இருக்கலாம்ங்கிறது, எதிராளிக்குப் பிடிபடாதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன். நீ நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க!”

இன்னொரு இனிப்பைப் பிரித்தான்.

“தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. உனக்கு உன் மூஞ்சியே தெரியல. கோழி வெட்டுற கைக்குச் சீட்டு ஒரு கேடா?”

அடில்சன் மர்லூசி அம்மாவைப் பார்த்தான். அவர் குடுவையைக் கீழே வைத்தார்.

“அப்போ இந்த ஆளை என்ன செய்யலாங்கிற?”

“இதுக்கு மேல இவனை நம்பி ஒரு காசு போட்டாலும் தண்டம். இன்னிக்கே வீட்டை விட்டு வெளிய அனுப்புங்க.”

“எவனா இருந்தாலும்?”

“எவனா இருந்தாலும்! பேரைப் பாத்து நாக்கைப் புரட்டுற ஆள் நான் இல்ல.”

மர்லூசி அம்மா ஒரு பொத்தானைத் தட்டினார். மறைத்திருந்த பெயர் திரையில் பெரிதாக வந்தது: க்ளோவிஸ். மென்றுகொண்டிருந்த தாடை பாதியில் நின்றது.

“இது… சனிக்கிழமை ஆடினது அடில்சன்தான்…”

“சனிக்கிழமை அவன் காஸ்கவேல்ல இருந்தான். நீ மென்னுக்கிட்டிருக்கியே, அது அவன் தங்கச்சி கல்யாண இனிப்பு. காலையிலதான் பஸ்ஸை விட்டு இறங்கினான்,” என்றார் மர்லூசி அம்மா. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அடில்சன் வாசலுக்குப் போனான். பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்குப் போட்ட சட்டையையும் மற்ற துணிகளையும் எடுத்து சோபாவில் வைத்தான். காலிப் பெட்டியை க்ளோவிஸின் காலடிக்குத் தள்ளினான்.

“ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பிடுங்க, வாத்தியாரே.”